சீர்ஷா: பழைய சொல், புதிய பெயர்

1928இல் வெளிவந்த அயர்லாந்தின் ஒரு பென்னி நாணயத்தில் ஒரு பக்கம் தாய்க்கோழியும் அதன் காலடியில் குஞ்சுகளும் இருக்கும். திருப்பினால் யாழ். அதுவரை அந்த நாட்டுக் கடைகளில் புழங்கிய காசுகளில் பிரிட்டிஷ் மன்னரின் தலை இருந்தது. இதில் தலையே இல்லை. யாழைச் சுற்றிப் பழைய ஐரிஷ் எழுத்தில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது: சீர்ஸ்டாட் எய்ரன், அதாவது அயர்லாந்து சுதந்திர நாடு. கவிஞர் யேட்ஸ் தலைமையிலான குழு தேர்ந்தெடுத்த வடிவங்கள் அவை. குதிரை, சால்மன் மீன், காளை, வேட்டை நாய், முயல், பன்றி, காட்டுப்பறவை என்று ஒரு பண்ணையே அந்தக் காசுகளில் உண்டு. கோழி எல்லோர் கண்ணிலும் பட்டது. நமக்கு வேண்டியது மறுபக்கத்தில் இருக்கும் 'சீர்' என்ற அந்த முதல் அசை.

இன்று உலகெங்கும் பெண் குழந்தைகளுக்கு வைக்கப்படும் 'சீர்ஷா' என்ற பெயர் அதே சொல்லிலிருந்து பிறந்தது. பொருள்: சுதந்திரம், விடுதலை. குழந்தைப் பெயர்ப் பட்டியல்களைப் புரட்டினால் 'பழம்பெரும் கெல்டிக் பெயர்' என்று போட்டிருப்பார்கள். பனிமூட்டம், மலைக்குன்று, கையில் வாளுடன் ஓர் அரசி என்று மனதில் ஒரு படம் எழும். அந்தப் படம் தவறு. எந்தப் பழங்கதையிலும் சீர்ஷா என்ற அரசி இல்லை, அந்தப் பெயரில் ஒரு புனிதையும் இல்லை. பெயராக இது இருபதாம் நூற்றாண்டின் பிள்ளை. சொல் மட்டும் மிகப் பழையது.

முதலில் உச்சரிப்பு. இந்தப் பெயரை எழுத்தில் பார்த்து மிரளாத வெளிநாட்டவர் குறைவு. எஸ், ஏ, ஓ, ஐ, ஆர், எஸ், இ என்று ஏழு எழுத்துகள். ஆங்கிலக் கண்ணுக்கு அது 'சவோய்ர்ஸ்' என்று தெரியும். ஆனால் ஐரிஷ் மொழி தனக்கென்று வைத்திருக்கும் எழுத்துக் கணக்கு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் பதினெட்டே எழுத்துகள். மொழியிலோ ஏறக்குறைய ஒவ்வொரு மெய்யும் வல்லினம் மெல்லினம் போல இரண்டு வகையாக ஒலிக்கும். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டப் புது எழுத்துகளை அவர்கள் உருவாக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் உயிரெழுத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் ஏ, ஓ, யு நின்றால் 'ஸ'. இ, ஐ நின்றால் 'ஷ'. ஆகவே உயிரெழுத்துகளில் பாதி, ஒலிப்பதற்காக வந்தவை அல்ல. பக்கத்து மெய்யை எப்படிச் சொல்ல வேண்டும் என்று காதில் ஓதுவதற்காக வந்தவை.

தமிழ் படிப்பவருக்கு இது விளங்காத சூத்திரம் அல்ல. கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே 'க'தான் எழுதுகிறோம். மூன்றையும் மூன்று விதமாகச் சொல்கிறோம். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்கிறோம். இந்தப் பெயரிலும் அதே வேலை நடக்கிறது. நடுவில் உள்ள மூன்று உயிர்களும் சேர்ந்து ஒரே நெடில் 'ஈ'. கடைசி இ, தனக்கு முன்னால் உள்ள எஸ்ஸை 'ஷ' ஆக்கிவிட்டுத் தானும் மெலிந்து அரை 'அ'வாக முடிகிறது. விளைவு: சீர்ஷ. தமிழில் எழுதும்போது 'சீர்ஷா' என்று நீட்டிக்கொள்வது கண்ணுக்கு வசதி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பெயரை உலகறியச் செய்த நடிகை சீர்ஷா ரோனன் தன் பெயரைச் 'சர்ஷா' என்றே சொல்கிறார். 'இனர்ஷியா' போல என்று பேட்டிகளில் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறார். 1994இல் நியூயார்க்கில் பிறந்து அயர்லாந்தின் கார்லோ பகுதியில் வளர்ந்தவர். நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். ஒவ்வொரு முறையும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டினார்கள். அவர் சொல்வது தவறா? பெயருக்கு உரியவர் எப்படிச் சொல்கிறாரோ அதுதான் அவருடைய பெயர். ஆனால் ஐரிஷ் மொழியின் எழுத்து விதிப்படி வரும் ஒலி சீர்ஷா. ஆங்கிலம் பேசும் அயர்லாந்தில் இரண்டும் காதில் விழும்.

இன்னொன்று, கூப்பிடும்போது இந்தப் பெயர் மாறிவிடும். தமிழில் விளி வேற்றுமை சொல்லின் கடைசியைத் தொடும்: கண்ணன் கண்ணா ஆவான், தம்பி தம்பீ ஆவான். ஐரிஷ் மொழியில் விளி சொல்லின் தலையில் கை வைக்கும். முன்னால் ஓர் 'அ' சேரும், முதல் 'ஸ' கரைந்து 'ஹ' ஆகும். ஐரிஷ் பேசும் வீட்டில் தாய் மகளை அழைக்கும்போது 'அ ஹீர்ஷா' என்றுதான் அழைப்பாள். பக்கத்து ஸ்காட்லாந்தில் இந்த விதியே ஒரு புதுப்பெயரை உண்டாக்கியது. ஜேம்ஸ் என்பதன் அங்குள்ள வடிவம் ஷேமஸ். விளியில் அது 'ஹேமிஷ்' ஆகும். அழைப்பதைக் கேட்ட ஆங்கிலேயர்கள் அதுதான் பெயர் என்று எண்ணிக்கொள்ள, ஹேமிஷ் தனிப்பெயராகவே நிலைத்துவிட்டது.

சீர்ஷா ஏன் பழைய பெயராக இருக்க முடியாது என்பதற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் ஐரிஷ் பெயர் வைத்துக்கொள்வதே எளிதாக இல்லை. வைத்தாலும் அது காகிதத்தில் ஏறாது. பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டில் லத்தீனில் எழுதினார். 1864இல் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியபோது எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதினார். வீட்டில் டைக் என்று அழைக்கப்பட்ட பையன் பதிவேட்டில் டிமதி ஆனான். டீர்மிட், ஜெரமையா ஆனான். பொருளில் ஒட்டுறவு எதுவும் கிடையாது. ஏதோ ஓர் எழுத்து, ஏதோ ஓர் ஒலி ஒத்துப்போனால் போதும். தேனீக்களின் காவலரான புனித கொப்நிட்டின் பெயரைத் தாங்கிய பெண்கள் அபிகெயில் என்றும் டெபோரா என்றும் எழுதப்பட்டார்கள். டெபோரா என்றால் ஹீப்ரு மொழியில் தேனீ. அந்த ஒரு இணைப்பைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்காவது கொஞ்சம் ரசனை இருந்திருக்கிறது.

1892 நவம்பர் 25 அன்று டப்ளினில் ஐரிஷ் மொழி அறிஞர் டக்ளஸ் ஹைட் ஓர் உரை ஆற்றினார். அயர்லாந்தை ஆங்கிலமயத்திலிருந்து மீட்க வேண்டும் என்பது அதன் சாரம். மொழி, உடை, விளையாட்டு இவற்றோடு பெயர்களையும் அவர் சேர்த்துப் பேசினார். தம் பெயரை ஆங்கிலமாக்கிக்கொண்டு அதில் பெருமை தேடும் மக்களைக் கடிந்துகொண்டார். அடுத்த ஆண்டு ஐரிஷ் மொழிக்கான இயக்கமாகக் கேலிக் லீக் தொடங்கியது. அதன் பிறகு படித்த இளைஞர்கள் தங்கள் பெயரை ஐரிஷ் வடிவத்தில் எழுத ஆரம்பித்தார்கள். எழுதினால் அபராதமும் கிடைத்தது. டோனகால் பகுதி விவசாயி நீல் மக்பிரைட் தன் வண்டியில் பெயரை ஐரிஷ் வடிவத்தில், ஐரிஷ் எழுத்தில் எழுதியிருந்தார். வண்டியில் உரிமையாளர் பெயர் 'படிக்கக்கூடிய' எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து படிக்கக்கூடியது அல்ல என்று அபராதம் போட்டார்கள். 1905இல் மேல்முறையீடு டப்ளின் நீதிமன்றத்துக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் பேட்ரிக் பியர்ஸ். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவராகி, சுட்டுக் கொல்லப்பட்டவர். வழக்கறிஞராக அவர் பெயர் சொல்ல நிற்கும் வழக்கு இதுதான். அதில் அவர் தோற்றார்.

தன் பெயரைத் தன் எழுத்தில் வண்டியில் எழுதக்கூட முடியாத இடத்தில், மகளுக்கு 'விடுதலை' என்று பெயர் வைத்துப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி? அது அடுத்த தலைமுறையின் வேலையாக இருந்தது.

1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் கூடிய முதல் ஐரிஷ் நாடாளுமன்றம் சுதந்திரத்தை அறிவித்தது. 'குடியரசு' என்பதற்கு ஐரிஷ் மொழியில் இரண்டு சொற்கள் கைவசம் இருந்தன. 1916இல் பியர்ஸ் வாசித்த பிரகடனத்தின் தலைப்பில் உள்ள 'பொப்லாக்ட்' ஒன்று. மக்கள் என்ற வேரிலிருந்து வந்தது. மற்றொன்று 'சீர்ஸ்டாட்'. 1921 ஜூலையில் ஐரிஷ் தரப்பின் தலைவர் டி வலேரா லண்டனுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனார். அவர் கொடுத்த காகிதத்தின் தலைப்பில் சீர்ஸ்டாட் என்று இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் கேட்டார். நேர்ப்பொருள் சுதந்திர நாடு. லாயிட் ஜார்ஜ் வேல்ஸ்காரர், வெல்ஷ் பேசி வளர்ந்தவர். குடியரசு என்பதற்கு உங்கள் மொழியில் சொல்லே இல்லை போலிருக்கிறதே, கெல்ட்டுகள் குடியரசுவாதிகளாக இருந்ததே இல்லையோ என்று சீண்டினார். ஒரு சொல் எப்படி அரசியல் பேரத்துக்குள் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் குடியரசு கிடைக்கவில்லை. கிடைத்தது 'சுதந்திர நாடு'. அதே சீர்ஸ்டாட், ஆனால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணத்தோடு.

அந்த ஒரு சொல்லின் மேல் நாடு இரண்டாகப் பிளந்தது. இது முழு விடுதலை அல்ல, விடுதலையை அடைவதற்கான விடுதலை என்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் நாடாளுமன்றத்தில் வாதிட்டார். இது விடுதலையே அல்ல என்றது மறுதரப்பு. 1922, 23இல் நடந்த உள்நாட்டுப் போரில் காலின்ஸே கொல்லப்பட்டார். இந்தக் கொந்தளிப்புக்குப் பின் வந்த பத்தாண்டுகளில்தான் சீர்ஷா பெண்ணின் பெயராக அங்கங்கே தலைகாட்டத் தொடங்கியது. ஐரிஷ் இலக்கணத்தில் சீர்ஷா பெண்பால் சொல் என்பதும் வசதியாக இருந்தது. 1937இல் புதிய அரசியலமைப்பு வந்து நாட்டின் பெயர் 'எய்ர' என்று மாறியது. காசிலிருந்து சீர்ஸ்டாட் மறைந்தது. கோழி அப்படியே இருந்தது.

பெயரின் கதை இவ்வளவுதான், நூறாண்டுச் சொச்சம். சொல்லின் கதை வேறு. எனக்கு அதுதான் அதிகச் சுவை.

'சீர்' என்றால் ஐரிஷ் மொழியில் சுதந்திரமான, கட்டற்ற. தமிழ்ச் சீருக்கும் அதற்கும் உறவில்லை, ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் வேறொரு வழியில் நமக்குத் தெரிந்த ஒரு சொல் அதற்குத் தூரத்து உறவு. பழைய ஐரிஷ் வடிவத்தை மொழியியலாளர்கள் 'சு-விரோஸ்' என்ற பழைய கெல்டிக் கூட்டுச்சொல்லுக்குக் கொண்டுபோகிறார்கள். சு என்றால் நல்ல. விரோஸ் என்றால் ஆண்மகன். நல்ல மனிதன், நல்ல நிலையில் உள்ளவன். சமஸ்கிருதத்தின் 'சு', 'வீர' இரண்டும் இதே இந்தோ-ஐரோப்பிய வேர்களிலிருந்து வந்தவை. தமிழ் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட வீரனுக்கும் சீர்ஷாவுக்கும் இப்படி ஒரு கொடிவழி உண்டு.

'சு' இருந்தால் எதிரே 'து' இருக்க வேண்டும் அல்லவா? சுகம், துக்கம். நற்குணம் சுகுணம் என்றால் தீக்குணம் துர்குணம். ஐரிஷ் மொழியிலும் அப்படியே இருக்கிறது. சொனஸ் என்றால் மகிழ்ச்சி, டொனஸ் என்றால் துன்பம். சைவிர் பணக்காரன், டைவிர் ஏழை. சீ என்றால் அறிஞன், டீ என்றால் மூடன். இந்த வரிசையில்தான் சீருக்கு எதிர்ச்சொல்லாக 'டீர்' வருகிறது. டீர் என்றால் சுதந்திரமற்ற, அடிமைப்பட்ட.

இது வெறும் சொல்விளையாட்டாக இருந்ததில்லை. பழைய ஐரிஷ் சட்ட நூல்கள் சமூகத்தையே இந்த இரண்டு சொற்களால் வகுத்தன. தலைவனிடம் மாடு கடனாகப் பெறும் குடியானவனில்கூட 'சீர்' வகை உண்டு, 'டீர்' வகை உண்டு. முதல் வகையினன் மாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உறவை முறித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையினனுக்கு அது அவ்வளவு எளிதல்ல. தன் மானத்தின் விலையையும் தலைவனிடமிருந்து வாங்கிக்கொண்டவன் அவன். இந்த இருவருக்கும் கீழே முழு அடிமைகள் இருந்தார்கள். அடிமைப் பெண்ணுக்கு 'குமல்' என்று பெயர். காலப்போக்கில் குமல் ஒரு கணக்கு அலகாகவே ஆகிவிட்டது. நிலத்தின் விலை இத்தனை குமல், கொலைக்கு நஷ்டஈடு இத்தனை குமல். பெரும்பாலும் ஒரு குமலுக்கு மூன்று கறவை மாடுகள் என்று கணக்கு. அயர்லாந்துக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவராகப் போற்றப்படும் புனித பேட்ரிக்கும் அங்கே முதலில் வந்தது கடத்திவரப்பட்ட அடிமைச் சிறுவனாகத்தான்.

ஒரு பெண்ணின் பெயரே விலைக்கணக்காக இருந்த மொழியில், ஒரு பெண்ணுக்கு விடுதலை என்றே பெயர் வந்திருக்கிறது. பெயர்ப் பட்டியல்காரர்கள் அரசியையும் வாளையும் விட்டுவிட்டு இதைச் சொல்லியிருக்கலாம்.

இன்றைய ஐரிஷ் பேச்சில் இந்த இரண்டு சொற்களும் கடைவீதிக்கு வந்துவிட்டன. சீர் என்றால் மலிவு, டீர் என்றால் விலை அதிகம். மேய்ச்சலுக்குத் தடையில்லாதது, வரி இல்லாதது, காசு குறைவானது என்று பொருள் மெல்ல நகர்ந்திருக்கிறது. 'சீர் இன் ஆஷ்கெ' என்றால் இலவசம். 'லா சீரெ' என்றால் விடுமுறை நாள், வேலையிலிருந்து விடுபட்ட நாள். ஆக, ஐரிஷ் தெரிந்த ஒருவர் காதில் சீர்ஷா என்ற பெயர் முழுக்கக் காவியமாக ஒலிப்பதில்லை. கொடியும் முரசும் இருக்கும். பக்கத்திலேயே தள்ளுபடி விலைப் பலகையும் இருக்கும். இதே எழுத்தில் இன்னொரு சொல் கைவினைஞனைக் குறிக்கிறது, தச்சன் அல்லது கொத்தன். அது வேறு வேரிலிருந்து வந்து எழுத்தில் மட்டும் கலந்துவிட்ட சொல். மெக்இண்டயர் என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது: தச்சன் மகன்.

பெயர்ச்சொல்லை அப்படியே ஆளின் பெயராக்குவதில் சீர்ஷா தனியாக இல்லை. 'அஷ்லிங்' என்றால் கனவு, காட்சி. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரிஷ் கவிஞர்கள் அஷ்லிங் என்ற பெயரில் ஒரு கவிதை வகையையே வளர்த்தார்கள். கவிஞன் உறங்குவான், கனவில் பேரழகி ஒருத்தி தோன்றுவாள், நான்தான் அயர்லாந்து, என்னை மீட்க வருவார்கள் என்பாள். அதுவும் ஆள்பெயரானது இருபதாம் நூற்றாண்டில்தான். முதலில் கனவு பெயராயிற்று, கூடவே கனவில் கேட்டதும் பெயராயிற்று. அண்மைக்காலத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தது 'ஃபீயா'. காட்டுத்தன்மை, மான் என்ற பொருள் தரும் சொல். 2021இல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் அதுதான். அரசியல் சுமை எதுவும் இல்லாத பெயர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சீர்ஷாவுக்கு அந்தச் சுமை இருந்தது. பிரிட்டனோடு தங்கிவிட்ட வட அயர்லாந்தில் ஒருவரின் பெயரைக் கேட்டாலே அவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா என்று ஊகித்துவிடுவார்கள். அங்கே மகளை விடுதலை என்று அழைப்பது வெறும் அழகுணர்ச்சியாக எடுத்துக்கொள்ளப்படாது. 1990களின் நடுவில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்ட குடியரசுவாதக் கைதிகளை விடுவிக்கக் கோரிப் பச்சை ரிப்பன் அணிந்து நடத்திய பிரசாரத்துக்கும் சீர்ஷா என்றுதான் பெயர். பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த பால் ஹில், செய்யாத குற்றத்துக்காகப் பதினைந்து ஆண்டுகள் பிரிட்டிஷ் சிறையில் இருந்த கில்ட்ஃபோர்டு நால்வரில் ஒருவர். 1989இல் அந்தத் தண்டனை ரத்தானது. பிறகு கென்னடி குடும்பத்துப் பெண்ணை மணந்தார். 1997இல் பிறந்த மகளுக்குச் சீர்ஷா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு அவர்களிடம் யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்.

1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த தலைமுறையில் இந்தப் பெயர் மெல்ல இளகியிருக்கிறது. இன்று அயர்லாந்துப் பள்ளியில் சீர்ஷா என்ற சிறுமியைச் சந்தித்தால் அவள் வீட்டின் அரசியலை ஊகிக்க வேண்டியதில்லை. அவள் அம்மாவுக்கு அந்த ஒலி பிடித்திருக்கலாம். அந்த நடிகையைப் பிடித்திருக்கலாம். கடல் கடந்து போன இடங்களில் பொருள்கூடப் பின்னுக்குப் போய்விட்டது. ஐரிஷ் வேரை நினைவுகூரும் ஒரு பதக்கம் போல அதை அணிந்துகொள்கிறார்கள். சிலர் தொல்லை வேண்டாம் என்று ஒலிப்படி ஆங்கில எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். வண்டியில் பெயர் எழுதி அபராதம் கட்டிய டோனகால் விவசாயி அதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. எனக்கு அது உவப்பில்லை. அந்த ஏழு எழுத்துகளின் கோணல்தான் அந்தப் பெயரின் ஊர்.

அயர்லாந்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கோணல் ஒரு பொருட்டே அல்ல. அங்குள்ள பள்ளிகளில் ஐரிஷ் ஒரு பாடம். மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பிலும் ஆசிரியர் பெயர் அழைக்கும்போது பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' என்பதற்குப் பதில் 'அன்ஷோ' என்பார்கள். 'இங்கே' என்று பொருள். அதிலும் எஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓர் இ நிற்கிறது, அதனால்தான் அது 'ஷ'. நான்கு வயதில் பள்ளிக்குப் போன முதல் வாரத்திலேயே பிள்ளை அந்த விதியை வாயால் கற்றுக்கொண்டு வந்துவிடும். ஆசிரியர் சீர்ஷா என்று அழைப்பார், பக்கத்து இருக்கைச் சிறுமி அன்ஷோ என்பாள். அடுத்து அழைக்கப்படும் பெயர் தமிழ்ச்செல்வியாக இருந்தால், அந்த ழகரத்தில் தடுமாறுவது ஆசிரியரின் முறை.